தோலடி இம்யூனோகுளோபுலின்: ஊசி இடம் சிவந்தால், வீங்கினால், அரித்தால்

நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் குறைபாடு உள்ளவர்களுக்கு, அந்த எதிர்ப்பொருளே மருந்தான இம்யூனோகுளோபுலினை வீட்டிலேயே தோலுக்கடியில் ஏற்றிக்கொள்ளக் கற்றுத் தருவது என் வேலை. கற்றுக்கொண்டு போனவர்கள் முதல் சில வாரங்களில் தொலைபேசியில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் தோலைப் பற்றித்தான். சிவந்துவிட்டது, வீங்கிவிட்டது, அரிக்கிறது. அடுத்த வாக்கியம் எப்போதும் ஒன்றே: “எனக்கு இந்த மருந்து அலர்ஜி போலிருக்கிறது.”

பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை. ஊசியின் நீளம், நுனியில் ஒட்டிய மருந்து, காயாத ஸ்பிரிட், குளிர்ச்சி மாறாத மருந்து, அதிக வேகம், மேலே ஒட்டிய பிளாஸ்திரி ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் வேலை. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதன் காரணம் வெறும் துல்லியம் அல்ல. மருத்துவக் கோப்பில் ‘அலர்ஜி’ என்று ஒருமுறை ஏறிவிட்டால் அதை அழிப்பது எளிதல்ல. மருந்து நின்றுபோனால் திரும்பி வருவது நிமோனியாவும் சைனஸ் தொற்றும்தான். எனவே மருந்தின் மீது பழி போடும் முன் மூன்றைப் பாருங்கள்: எப்போது தொடங்கியது, எந்த வடிவத்தில் இருக்கிறது, எந்த எல்லையில் நிற்கிறது. இந்த மூன்றிலேயே விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கீழே சொல்லும் அளவுகளும் வேகங்களும் பொதுவானவை. உங்கள் மருந்துச் சீட்டில் வேறு எண் இருந்தால் அதுவே உங்களுக்குரியது.

ஊசி வயிற்றில், தடிப்பு கழுத்தில்

இதை முதலில் வைக்கக் காரணம், இதற்கு மட்டும் யோசிக்க நேரம் கிடையாது. ஊசி இருக்கும் இடத்தைச் சுற்றி எவ்வளவு சிவந்தாலும் அது அந்த இடத்தோடு முடிகிற விஷயம். ஊசி வயிற்றில் இருக்கும்போது கழுத்திலோ முதுகிலோ உள்ளங்கையிலோ தடிப்புகள் எழுந்தால் அது உடல் முழுவதும் பரவும் ஒவ்வாமை. உதடு, நாக்கு, கண் இமை வீங்குவது, குரல் கரகரப்பது, மூச்சு இழுப்பது, தொடர்ந்து வாந்தி, கண் இருட்டுவது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

மருந்து ஏற்றும் பம்பை உடனே நிறுத்துங்கள். மூச்சோ இரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்ட அறிகுறி தெரிந்தால் உங்களுக்கு எழுதித் தரப்பட்ட அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டுவிட்டு அவசர ஊர்தியை அழையுங்கள். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடலாம், எழுந்து நடக்க மட்டும் விடக்கூடாது. ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமையைத் தணிக்கும்) மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அட்ரினலினுக்கு மாற்றல்ல.

தோலடி முறையில் இந்த அளவுக்குப் போவது அரிது. வாய்ப்பு சற்றுக் கூடும் சமயங்கள் உண்டு: முதல் சில டோஸ்கள், ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கும்போது, உடம்பில் காய்ச்சலோடு தொற்று இருக்கும்போது. ஐஜிஏ (எதிர்ப்பொருள் வகைகளில் ஒன்று) அறவே இல்லாமல், அதற்கு எதிரான எதிர்ப்பொருளும் உருவாகி, முன்பு ஒவ்வாமையும் வந்தவர்களுக்கு இம்மருந்துகள் பொதுவாக விலக்கப்பட்டவை. இந்த அறிகுறி ஒருமுறை வந்துவிட்டால், மருத்துவர் சொல்லாமல் அடுத்த டோஸை வீட்டில் போடாதீர்கள்.

ஏற்றத் தொடங்கியதுமே எரிகிறது

ஊசி நுழையும்போது சுரீர் என்று ஒரு குத்தல் இருக்கும், அது இயல்பு. அது அடங்காமல் காந்தலாகத் தொடர்ந்தால் மூன்று சந்தேகங்கள்.

முதலாவது, நுனியில் மருந்து. குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற மருந்தைத் தள்ளும்போது பலரும் ஊசி முனையில் ஒரு துளி மினுங்கும்வரை தள்ளிவிடுகிறார்கள். சிரைக்குள் ஏற்றும் மருந்துக்குப் பழகிய கைக்கு அது சரியாகவே படும். இங்கே அது தவறு. அந்தத் துளி ஊசியோடு சேர்ந்து தோலின் மேலடுக்குகளைத் தடவிக்கொண்டே உள்ளே போகிறது. வழி நெடுகிலும் எரிச்சல், பிறகு ஊசித் துளையைச் சுற்றிச் சிவந்த வளையம், அடுத்த நாள் அரிப்பு. மருந்து குழாயில் ஊசிக்குச் சற்று முன்னாலேயே நிற்கட்டும், ஊசி உலர்ந்தே நுழையட்டும். குழாயின் கடைசியில் மிஞ்சும் சிறு காற்று கொழுப்படுக்கில் தீங்கு செய்யாது. தற்செயலாகத் துளி வந்துவிட்டால் துடைக்காதீர்கள், கிருமியகற்றிய ஊசி கெட்டுவிடும். பாதுகாப்பாக மெல்ல உதறிவிடுங்கள், அல்லது புதிய ஊசி எடுங்கள். இந்த ஒன்றைத் திருத்தியதிலேயே பாதிப் புகார் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். எதையும் மாற்றுவதற்கு முன் இதைத்தான் முதலில் சரிபார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது, ஸ்பிரிட். பஞ்சால் துடைத்த இடம் தானாக உலர வேண்டும். ஊதுவது, விசிறுவது இரண்டும் கூடாது. ஊதினால் வாய்க் கிருமி அங்கே போய் உட்காரும்.

மூன்றாவது, குளிர்ச்சி. ஃபிரிட்ஜில் வைக்கும் தயாரிப்பாக இருந்தால் வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வர ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். குப்பியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி முதலில் சூடாகும், உள்ளே இருக்கும் மருந்து பிறகுதான். அவசரத்தில் சுடுநீரில் வைப்பதும் மைக்ரோவேவில் வைப்பதும் புரதத்தைக் கெடுத்துவிடும். குலுக்கினாலும் நுரைக்கும், கெடும். மருந்து கலங்கலாகவோ துகள்களோடோ தெரிந்தால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தவே கூடாது.

மூன்றும் சரியாக இருந்தும் குழந்தைக்குக் குத்தலே பெரிய பயமாக இருந்தால், லிடோகெய்ன் கலந்த மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரத்துக்கு முன் பூசலாம். கைக்குழந்தைகளுக்கு இந்தக் களிம்பின் அளவில் எச்சரிக்கை தேவை, மருத்துவரிடம் கேட்டுத்தான்.

தோல் வெளுத்துத் தடிக்கிறது. அல்லது ஆழத்தில் வலிக்கிறது

இரண்டும் ஒரே தவறின் இரு முனைகள்: ஊசியின் நீளம் உங்கள் உடலுக்குப் பொருந்தவில்லை.

ஊசி குட்டையாக இருந்தால் மருந்து கொழுப்பில் இறங்காமல் தோலுக்குள்ளேயே தங்கும். ஊசியைச் சுற்றி இறுக்கமான வெளுத்த மேடு எழும்பும். மயிர்க்கால்கள் குழிந்து துளைத் துளையாகத் தெரியும். எரிச்சல் கடுமையாக இருக்கும். நீளமாக இருந்தால் நுனி தசையைத் தொடும். தோலின் மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் காலை அசைத்தாலோ குனிந்தாலோ உள்ளே குத்தும்.

தோலடி ஊசிகள் 4, 6, 9, 12, 14 மில்லிமீட்டர் போன்ற நீளங்களில் வருகின்றன. ஏற்றும் இடத்தை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கைக்குள் வருவது இரட்டை மடிப்பு. அதில் பாதிதான் தோலும் கொழுப்பும் சேர்ந்த ஆழம். மெலிந்த குழந்தைக்கு 12 மில்லிமீட்டர் தசையில் இறங்கிவிடும். வயிறு பருத்த பெரியவருக்கு 6 மில்லிமீட்டர் போதிய ஆழத்துக்குப் போகாமல் நிற்கலாம். ஒரே ஆளுக்கு வயிற்றுக்கு ஒரு நீளம், தொடைக்கு வேறு நீளம் தேவைப்படுவதும் உண்டு. இதைப் பலரும் கேட்பதில்லை. முதல் பெட்டியில் எந்த ஊசி வந்ததோ அதையே ஆண்டுக்கணக்கில் குத்திக்கொள்கிறார்கள்.

வீங்கிவிட்டது

வீங்காமல் இருந்தால்தான் அதிசயம். கணக்கைப் பாருங்கள்: வாரத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் என்று வைத்தால் 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 கிராம். 20 சதவீத மருந்தாக இருந்தால் 30 மில்லி, 10 சதவீதமானால் 60 மில்லி. அவ்வளவு திரவம் தோலுக்கடியில் உட்கார்ந்தால் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல் ஒரு மேடு வரத்தான் செய்யும். தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும், லேசான சூடும் சிவப்பும் இருக்கலாம். நிணநீர் நாளங்கள் வழியாக மெல்ல உறிஞ்சப்பட்டு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல அதே அளவு மருந்துக்கு வீக்கம் குறைந்துகொண்டே வருவதையும் காணலாம்.

வீக்கம் கல்லைப்போல இறுகி, தோல் பளபளத்து, விண்விண்ணென்று தெறித்தால் அந்த இடத்தின் கொள்ளளவைத் தாண்டிவிட்டீர்கள். பொதுவாகத் தொடக்கத்தில் ஓரிடத்துக்கு 15 முதல் 20 மில்லியும், மணிக்கு 15 மில்லி போன்ற நிதான வேகமுமே கொடுக்கப்படும். பழகியபின் படிப்படியாக ஏற்றுவார்கள். வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஊசி இடங்களைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒரு முறை ஒரு மாற்றம் என்பதை விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். ஊசிகளுக்கிடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி, தொப்புளிலிருந்தும் அதே தூரம். இரு மேடுகள் ஒன்றோடொன்று இணைந்தால் இடைவெளி போதவில்லை என்று பொருள்.

கையால் சிரிஞ்சைத் தள்ளி ஏற்றுபவர்களுக்கு ஒரு சொல்: கை வலிக்கிறதென்று கடைசி 5 மில்லியை வேகமாகத் தள்ளிவிடுவது வழக்கம். மாலையில் இறுகி வலிப்பது அந்த 5 மில்லிதான்.

ஹையலுரோனிடேஸ் நொதியுடன் வரும் தயாரிப்பு (ஹைக்யூவியா) வேறு வகை. நொதியை முதலில் ஏற்றித் திசுக்களைத் தளர்த்திவிட்டு, அதன்பின் ஒரே இடத்தில் சில நூறு மில்லி வரை ஏற்றுகிறார்கள். மேடு பெரிதாக இருக்கும். சாயங்காலத்துக்குள் புவியீர்ப்பில் கீழே இறங்கும். அடிவயிற்றில் ஏற்றினால் பிறப்புறுப்புப் பகுதிவரை வீக்கம் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நடு இரவில் பதறிப்போவார்கள், கூச்சத்தால் யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். இரண்டு மூன்று நாளில் வற்றும். அடுத்தமுறை ஊசியை இன்னும் மேலே போடுங்கள்.

தொடையில் ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீக்கம் ஊசி இடத்தில் இல்லாமல் ஒரு கெண்டைக்காலில் மட்டும் தோன்றி, அழுத்தினால் வலித்தால், அது மருந்து தேங்கிய வீக்கம் அல்ல. இம்யூனோகுளோபுலினுக்கு இரத்த உறைவை உண்டாக்கும் அபாயம் சிறிதளவு உண்டு. எனவே அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவு.

சிவந்து அரிக்கிறது

வடிவத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஒரு தந்தை தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். “சிஸ்டர், மூன்று வாரமாக ஒவ்வொரு முறையும் இப்படித்தான். மருந்தை மாற்றச் சொல்லுங்கள்” என்றார். பெண்ணின் சட்டை நுனியைத் தூக்கியபோது வயிற்றின் இருபுறமும் சிவப்பு. ஆனால் நான்கு மூலைகளோடு, கோடு போட்டு வெட்டியதுபோல் நேரான விளிம்புகளோடு. நடுவில் ஊசித் துளையைச் சுற்றிய தோல் மட்டும் சுத்தமாக இருந்தது. மருந்து சதுரமாகப் பரவாது. “மருந்து அப்படியே இருக்கட்டும், அப்பா. ஒட்டுவதை மாற்றுவோம்” என்றேன்.

பசையின் ஒவ்வாமைக்குக் காகித டேப் அல்லது ஒவ்வாமை குறைந்த பசையுள்ள பிளாஸ்திரி, அதற்கும் அடங்காவிட்டால் ஒட்டும் முன் தோலில் பூசும் பாதுகாப்புப் படலம். பிளாஸ்திரியைப் பிய்த்து எடுக்காமல் தோலோடு ஒட்டி மெல்ல உரியுங்கள். சிவப்பு பிளாஸ்திரியைத் தாண்டி, நீங்கள் பஞ்சால் துடைத்த வட்டம் முழுவதும் பரவியிருந்தால் கிருமிநாசினி மீது சந்தேகம் கொள்ளுங்கள். குளோர்ஹெக்ஸிடின் பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையே தரும். அது தெரிந்துவிட்டால் கோப்பில் எழுத வேண்டிய விஷயம், ஏனென்றால் மருத்துவமனையில் எங்கும் அதைத்தான் பூசுவார்கள்.

ஊசித் துளையை மையமாக வைத்து, மங்கலான விளிம்போடு வட்டமாகச் சிவந்து அரிப்பதுதான் மருந்தால் வரும் வழக்கமான உள்ளூர் எதிர்வினை. அதே நாளில் தொடங்கி ஓரிரு நாளில் மங்கும். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் போதும். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவர் சொல்லும் ஆன்டிஹிஸ்டமினை ஏற்றுவதற்கு முன்பே எடுக்கலாம். சொறிவதுதான் ஆபத்து: எதிர்ப்பொருள் குறைந்த உடம்பில் நகக் கீறல் ஒரு திறந்த கதவு.

கசிகிறது

பிளாஸ்திரி ஈரமாக இருந்தால் ஊசி வெளியே நழுவியிருக்கிறது, அல்லது குட்டையாக இருக்கிறது, அல்லது வேகம் அதிகம். ஊசியை மறுபடி உள்ளே அழுத்தாதீர்கள். நிறுத்தி, புது ஊசி, புது இடம். எடுத்தபின் ஓரிரு துளி வெளிவருவது இயல்பு, பஞ்சை வைத்துச் சற்று அழுத்தினால் போதும். கசிந்த மருந்து தோலில் காய்ந்தால் அதுவே அரிப்புத் தரும்.

ரத்தக்கட்டு

சிறு நாளம் குத்துப்பட்டால் கன்றிப்போகும். பச்சை, மஞ்சளாக மாறி ஒரு வாரம் பத்து நாளில் மறையும். ஊசியைப் பொருத்தியதும் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். குழாயில் சிவப்பு தெரிந்தால் அந்த ஊசியை எடுத்துவிட்டு வேறிடம். மருந்து இரத்த நாளத்துக்குள் நேராகப் போகக்கூடாது.

ரத்தக்கட்டு ஒவ்வொரு முறையும் வருகிறது, பெரிதாகிறது, ஊசி போடாத இடத்திலும் தோன்றுகிறது, ஈறில் கசிகிறது என்றால் ஊசியை விட்டுவிட்டு இரத்தத் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள். பொது மாறுபடு நோயெதிர்ப்புக் குறைபாட்டில் (சிவிஐடி) உடல் தன் தட்டணுக்களையே தாக்குவது உண்டு; விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டு நோயில் தட்டணு குறைவது நோயின் பகுதியே. இங்கே தோல் சொல்வது மருந்தைப் பற்றியதே அல்ல.

இரண்டு நாள் கழித்தும் கூடிக்கொண்டே போகிறது

உள்ளூர் எதிர்வினை முதல் நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கும். தொற்று எதிர்த்திசையில் போகும்: முதல் நாள் பெரிதாக ஒன்றும் இராது, இரண்டாம் மூன்றாம் நாள் சிவப்பு விரியும், சூடு ஏறும், வலி அரிப்பை மிஞ்சும். சிவப்பின் எல்லையில் பேனாவால் கோடு வரைந்து நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சீழோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவருக்கு அந்த அவகாசம் கிடையாது. நிறம் கறுத்து, கொப்புளமிட்டு, புண்ணாக மாறுவது மிக அரிது; நேர்ந்தால் அதே நாளில் பார்க்க வேண்டியது.

கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஊதா அல்லது கரும்பழுப்பு நிறமாகத் தோன்றலாம். புறங்கையை வைத்து இருபக்கச் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணைவிட அது நம்பகமானது.

மறையாத கட்டி

வலியில்லாமல் வாரக்கணக்கில் தங்கும் சிறு உருண்டைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் வருபவை. நரம்புகள் பழகி வலி குறைவாக இருப்பதால் அந்த இடமே பிடித்துப்போய்விடும். அங்கே மருந்தும் சரியாக உறிஞ்சப்படாது. கட்டி கரையும்வரை அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்து, வயிறு, தொடை, இடுப்பின் பக்கவாட்டு என்று சுற்றி வாருங்கள். வளர்ந்தாலோ வலித்தாலோ காட்டுங்கள்.

எதைச் செய்தும் அடங்கவில்லை

மருத்துவரிடம் “ஒத்துக்கொள்ளவில்லை” என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. குப்பியில் உரித்தெடுக்கும் தொகுதி எண் ஒட்டி இருக்கும். அதை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் இடம், ஊசி நீளம், மில்லி, வேகம், எத்தனை மணிக்குச் சிவந்தது, எப்போது மறைந்தது என்று எழுதுங்கள். ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமும் எடுங்கள். தொகுதி மாறிய வாரத்தில்தான் அரிப்பு தொடங்கியது என்பதுபோன்ற விஷயங்கள் இப்படித்தான் பிடிபடும்.

அதன்பின் வழிகள் உண்டு. வாரம் ஒருமுறை பெரிய அளவுக்குப் பதில் வாரத்தில் பல நாள் சிறு அளவாகப் பிரிக்கலாம். வேறு நிலைநிறுத்தி (மருந்து கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள்) உள்ள தயாரிப்புக்கு மாறலாம்: ஹைசென்ட்ராவில் புரோலின், குவிட்ருவில் கிளைசின். (பிறவியிலேயே இரத்தத்தில் புரோலின் மிகும் நோய் உள்ளவர்களுக்கு ஹைசென்ட்ரா கூடாது.) எல்லாம் தோற்றால் சிரை வழிக்குத் திரும்பலாம், அங்கே தோல் தொல்லை குறையும், ஏற்றிய அன்று தலைவலியும் குளிரும் கூடலாம்.

முடிவு வரும்வரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இம்மருந்தில் உள்ள எதிர்ப்பொருளான ஐஜிஜியின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ மூன்று வாரம். தோல் ஆற வேண்டுமென்று ஒரு டோஸ் இரண்டு நாள் தள்ளிப்போவதால் பெரிய இழப்பில்லை, தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தள்ளிப்போடலாம். மாதக்கணக்கில் நிறுத்தியவர்கள் மட்டும் வீட்டில் தொடங்க வேண்டாம். முதல் டோஸைக் கண்காணிப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.